அதே சைஸ் எழுத்தில்

காலை ஷிஃப்ட் ஆட்கள் டீக்கு நிற்கும் நேரத்தில்தான் போன் வந்தது. "மாமா, ஆசிரியர் போய்ட்டாரு" என்றான் வாலாஜாபாத் அச்சகத்து முருகன். அப்போது நாற்பது டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். நானூறு என்றும் சொல்லலாம். ஒரு சொட்டு சிந்தவில்லை. கடைசி கிளாஸையும் கொடுத்துவிட்டுத்தான் அடுப்பை அணைத்தேன்.

'ஒரகடம் சைரன்' வாரப் பத்திரிகையின் ஆசிரியர் ஞானப்பிரகாசத்தை உங்களுக்கெல்லாம் தெரியும். லாரிகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவர், நாலு பக்கப் பத்திரிகை போட்டு, ஏசி ரூமில் இருந்த ஆபீசர்களுக்கே வியர்க்க வைத்தார். என் கடை வாசலில் தொங்கும் போஸ்டரைப் படிக்க வண்டிகள் தண்டலம் வரை வரிசை கட்டின. நான் ஆறாவதோடு நின்றவன். ஆனாலும் அவர் தலைப்புகளில் பாதி என் வாயிலிருந்து போனவை. போஸ்டரை எழுதிவிட்டுத்தான் செய்தியையே எழுதுவார். "டீ ஆறதுக்குள்ள படிச்சி முடிக்கணும் கோபாலு, அதான் நியூஸு" என்பார்.

பிள்ளைப்பாக்கம் தேவிக்கு மிஷினில் மூன்று விரல் போனது. அன்றைக்கு அவள் வேலைக்கே வரவில்லை என்றது கம்பெனி. அந்த வாரம் 'மிஷினுக்குப் பெண் பலி' என்று போஸ்டர் தொங்கியது. அவள் சாகவில்லை. "பலியும் பொய், விபத்தும் பொய்" என்று மேனேஜர் சிரித்தார். தேவியின் நஷ்டஈடு அதோடு போய்விடும் போலிருந்தது.

"மூலையில சின்னதா மறுப்பு போட்டுட்டு வுடு சார்" என்றேன்.

"பொய் எந்த சைஸ்ல போச்சோ, மறுப்பும் அதே சைஸ்ல போகணும்யா. டீயக் குடு."

மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனார். அதுவரை அவளிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. சாப்பாட்டுப் பையிலிருந்து, அன்றைக்கு ஓவர்டைம் பார்த்ததற்கான ஓ.டி. சீட்டை எடுத்துக் கொடுத்தாள், சூப்பர்வைசர் கையெழுத்தோடு. அடுத்த போஸ்டர்: 'தேவி சாகவில்லை. விரல்தான் இல்லை. தவறு என்னுடையது.' கட்டுப்போட்ட கையில் அந்தச் சீட்டைப் பிடித்தபடி அவள் படம். மேனேஜர் சிரிப்பது நின்றது. நஷ்டஈடு வந்தது.

ஆசிரியரை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்தில் கம்பெனி ஆள் ஒருவர், "இன்னா இருந்தாலும் மஞ்சப் பத்திரிகைக்காரன்தானே" என்று முணுமுணுத்தார். "ஆமாய்யா. அந்த மஞ்சளப் பாத்துதான் உங்க மேனேஜருக்கு மூஞ்சி வெளுத்துச்சு" என்றேன்.

அந்தப் பொய்ச்செய்தியைத் தந்தது யார் என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். கடைசிவரை ஆசிரியர் வாய் திறக்கவில்லை. போஸ்டர் தொங்கிய கம்பிச்சட்டம் இன்னும் என் கடையில்தான் இருக்கிறது. இந்த வாரம் நானே எழுதி மாட்டியிருக்கிறேன். எழுத்தில் பிழை இருக்கலாம், சைஸ் சரிதான்.

'தேவி செத்ததாகச் சொன்னது டீக்கடை கோபால்.'