தறி சும்மா ஓடிய நான்கு நிமிடம்

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த கையோடு என் மாமியார் சமையலறையிலிருந்து ஓடிவந்து, "நிறுத்துங்க மாப்ளே, நிறுத்துங்க!" என்று கத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். நான் பதறிப்போய் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினேன். சத்தம் அதிகமாகிவிட்டது, பக்கத்து வீட்டில் யாரோ கோபித்துக்கொண்டார்கள் என்றுதான் நினைத்தேன். என் மனைவியோ வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் அம்மா என் முகத்தைப் பார்த்து நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

எங்கள் பக்கத்துப் பழைய குடும்பங்கள் சிலவற்றில் மாமியார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசமாட்டார். கோபமெல்லாம் இல்லை, அதுதான் மரியாதை. அத்தை அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டியவர். மாமா ஒரு விபத்தில் போனபிறகு சில வருஷம் தனியாக இருந்தார். பேரன் பிறந்தபோது ஒத்தாசைக்குத் திருத்தணி வந்தவரை நாங்கள் திருப்பி அனுப்பவில்லை. நான் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பேன். "பாப்பா, உங்க ஊட்டுக்காரருக்கு இன்னொரு தோச வோணுமா கேளு" என்பார். "போதும்னு சொல்லு" என்பேன் நான். "நான் இன்னா தபால்காரியா?" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்போது நான் சென்னையில் ஓர் இசைப் பத்திரிகைக்கு விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். தினமும் ரயிலில் போய்வருவதால் கேட்பதும் ரயிலில், எழுதுவதும் ரயிலில். என் விமர்சனத்துக்குக் கொஞ்சம் பேர் பயந்தார்கள். அது எனக்குப் பிடித்தும் இருந்தது, பொய் சொல்வானேன். அந்தச் சமயத்தில்தான் பள்ளிப்பட்டைச் சேர்ந்த நான்கு பேரின் ராக் இசைக்குழு ஓர் ஆல்பம் வெளியிட்டது. எட்டுப் பாட்டும் சேர்ந்து ஒரே கதை, விசைத்தறித் தொழிலாளி ஒருவனின் ஒரு நாள். முதல் பாட்டில் தறி ஓடத் தொடங்குகிறது. பிறகு கிதாருக்கும் டிரம்ஸுக்கும் அடியில் அந்தச் சத்தம் விடாமல் ஓடுகிறது. நான்காவது பாட்டின் முடிவில் ஒரு செல்போன் அடிக்கிறது. ஐந்தாவதில் பாட்டே கிடையாது, நான்கு நிமிடம் தறிச்சத்தமும் எங்கோ தூரத்தில் ஒரு கிதாரும் மட்டும். "கற்பனை வறண்ட இடத்தைத் தறியைப் போட்டு அடைத்திருக்கிறார்கள்" என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்த வரியை நானே இரண்டு முறை படித்து ரசித்தேன்.

அதற்குப்பின் வந்த விமர்சனங்களில் பாதி என் வரியைத்தான் வேறு சொற்களில் சொல்லின. முழு ஆல்பத்தையும் வரிசையாக மேடையில் வாசிக்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்த சென்னைக்காரர்கள் "பார்க்கலாம்" என்று இழுக்க ஆரம்பித்தார்கள். அந்த மேடை போனால் குழுவே கலைந்துவிடும் நிலைமை. இதெல்லாம் அந்தக் குழுவின் பாடகன் எனக்கு எழுதிய கடிதத்தில்தான் தெரியவந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை அவன். "சார், ஒரே ஒரு தடவ முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் நிறுத்தாம கேட்டுப் பாருங்க. அப்பவும் புடிக்கலன்னா உட்டுடறோம்" என்று மட்டும் எழுதியிருந்தான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மையில் நான் கேட்டது துண்டு துண்டாக, அரக்கோணத்தில் கூட்டம் ஏறும்போது நிறுத்தி, இடம் கிடைத்தபின் நினைவு வந்த பாட்டிலிருந்து தொடர்ந்து. அதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. நான் எழுதியது சரிதான் என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அதை வீட்டில் போட்டேன். ஐந்தாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அத்தை ஓடிவந்து கத்தினார்.

"இன்னா ஆச்சு அத்தை?" என்றேன். என்னிடம் நேராகப் பேசிவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சட்டென்று மகள் பக்கம் திரும்பிக்கொண்டார். "தார் தீந்துபோச்சுடி. தறி சும்மா ஓடிகினு கெடக்குது. நிறுத்தாம இன்னா பண்ணிகினு கீறான் அவன்?"

தார் என்பது குறுக்கே ஓடும் நூலைச் சுற்றிய சின்னக் கட்டை. அது தீர்ந்தால் தறியை நிறுத்தி வேறு மாற்றவேண்டும். நிறுத்தாவிட்டால் பழைய தறி துணியே நெய்யாமல் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும். நெய்துகொண்டு ஓடினாலும் வெறுமனே ஓடினாலும் எனக்கு ஒரே கடகடதான். அவர் காதுக்கு அந்த வித்தியாசம் பளிச்சென்று கேட்டிருக்கிறது. "போன் வந்துச்சில்ல, அதுலேர்ந்து அவன் தறியப் பாக்கவே இல்லடி. நின்னது நின்னபடியே கீறான். ஏதோ கெட்ட சேதி" என்றார். எனக்குக் காது சூடானது. முதலிலிருந்து மறுபடி போட்டேன். அத்தை கதவில் சாய்ந்துகொண்டு எட்டுப் பாட்டையும் கேட்டார். கீரை வதங்கிப்போனது. முடிந்ததும் மகளிடம், "இதையா ஒண்ணுமில்லன்னு எழுதிட்டு வந்தாரு உங்க ஊட்டுக்காரரு? சுத்தி இத்தினி தறி ஓடற ஊர்ல பொறந்து வளந்தவரு!" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். எனக்கு நன்றாக வேண்டும்.

எழுதியதைத் தானே மறுத்து எழுதுவது எங்கள் தொழிலில் யாரும் விரும்பிச் செய்கிற காரியமில்லை. நான் நான்கு நாள் முரண்டு பிடித்தேன். அத்தை விடவில்லை. காபி டம்ளர் வரும்போதெல்லாம் கூடவே "எழுதிட்டாராமா, கேளு" என்ற கேள்வியும் வந்தது. ஐந்தாம் நாள் ரயிலில் உட்கார்ந்து எழுதினேன். ஆசிரியர் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் போட்டார். பையன்களுக்கு மேடை கிடைத்தது. ஆனால் அதிலும் ஒரு கள்ளத்தனம் செய்திருந்தேன். "மீண்டும் ஊன்றிக் கேட்டபோது" என்று எழுதினேனே தவிர, ஊன்றிக் கேட்டது யார் என்று எழுதவில்லை. மனைவி அதை உரக்கப் படித்துவிட்டு, "காது எங்கம்மாவுது, பேரு உங்களுக்கா?" என்றாள். "உடுடி, புள்ளைங்களுக்கு நல்லது நடந்தா சரி" என்றார் அத்தை.

இரண்டு வாரம் கழித்து, திருத்தணி மலைக்கோயிலுக்கு வந்த பாடகன் கையில் விபூதிப் பொட்டலத்தோடு எங்கள் வீட்டுக்கும் வந்தான். "அத்தன பேரு எழுதுனாங்க சார். தார் தீந்தத கண்டுபுடிச்சது நீங்க ஒருத்தருதான்" என்று என் காலில் விழக் குனிந்தான். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. "நான் இல்லப்பா, அவங்க" என்று சமையலறைப் பக்கம் கைகாட்டினேன். அவன் நேரே போய் அத்தை முன்னால் நின்றான். "எப்டிம்மா தெரிஞ்சுது உங்களுக்கு?" என்றான். அதுவரை நான் கேட்காத கேள்வி அது. தறி ஓட்டினவர், தெரிந்திருக்கிறது என்று சுலபமாக விட்டுவிட்டேன்.

"ஆங், இத்தினி வருசம் தறியோட மாரடிச்சனே, தெரியாதா?" என்று முதலில் சிரித்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எங்க ஊட்டுக்காரரு அரக்கோணத்துக்குப் போனாரு. லாரி மோதிடுச்சுன்னு போன் வந்துச்சு. தறிகிட்ட நின்னுகினு இருந்தேன். அப்பறம் எனக்கு ஒண்ணும் தெரியல. தார் தீந்து அது பாட்டுக்கு ஓடிகினே கெடந்துச்சு. எல்லா ஊட்லயும் தறி ஓடற நேரம், எங்க ஊட்டு சத்தம் யாருக்குத் தனியா கேக்கும்? ரொம்ப நேரம் யாருமே வந்து நிறுத்தல தம்பி."

என் மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளிடமும் சொன்னதில்லையாம். மாமா இறந்தது எப்படி என்று எங்களுக்குத் தெரியும். அத்தை அந்த நேரத்தில் எங்கே நின்றார் என்று நாங்கள் யாருமே கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அந்தப் பையன் வந்தானே, கேட்டானே என்று நிம்மதியாகவும் இருந்தது.

அத்தை போன வருஷம் காலமானார். அந்த ஆல்பத்தை இன்று ஆகா ஓகோ என்கிறார்கள். ஐந்தாவது பாட்டைச் சரியாகக் கேட்ட முதல் ஆள் என்று என் பெயரையே எழுதுகிறார்கள். நானும் ஒவ்வொருவரிடமும் இல்லை என்று சொல்லி மாளவில்லை. அவர்களுக்கெல்லாம் ஒரு குறையும் உண்டு. மேடையில் அந்தக் குழு ஐந்தாவது பாட்டை நான்கு நிமிடம் ஓடவிடாமல் பாதியிலேயே வெட்டிவிடுகிறார்களாம். அந்தப் பழக்கம் தொடங்கியது அத்தை இருந்த காலத்தில். எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் அந்தப் பையன்கள் வாசித்தபோது அத்தையை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தோம். போன் அடித்தது. தறி சும்மா ஓடத் தொடங்கியது. அத்தை சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பாடகன் மைக்கை வைத்துவிட்டு மேடையின் குறுக்கே விறுவிறுவென்று நடந்துபோய் அந்தச் சத்தத்தை நிறுத்தினான்.

"ஆங், வந்துட்டான்" என்றார் அத்தை.