செம்புள்ளி வைரம்

திருவிடைமருதூர்த் தேரடியைத் தாண்டியபோது வெயில் சாய்ந்திருந்தது. கும்பகோணத்திலிருந்து நடந்தே வந்துகொண்டிருந்தேன். மஞ்சள் பையில் ஒரு வேட்டி, ஒரு சட்டை, பத்தர் வீட்டில் கட்டிக்கொடுத்த புளிச்சோறு. அன்று காலைவரை நான் அவருடைய பட்டறையில் வேலையாள். நகையில் கல் பதிப்பவர் அவர். நான் எட்டாவதோடு நின்றவன். எந்த ஊரிலும் ஆறு மாதம் தரித்ததில்லை. ஆனால் திருடன் என்ற பெயரோடு ஓர் ஊரை விட்டது அதுதான் முதல்முறை.

ஒரு மிராசுதார் வீட்டம்மா, மகள் கல்யாணத்துக்காகத் தன் ஏழு கல் வைரத்தோட்டை மெருகு போடக் கொடுத்திருந்தார். உச்சவரம்புச் சட்டத்துக்குத் தப்பிய நிலமும் குத்தகைக்காரர்களோடு வழக்கில் கிடந்த காலம். பெண்ணுக்குப் போட அந்தத் தோடுதான் மிச்சம். கழுவும்போது ஒரு கல் கழன்றது. லென்ஸில் பார்த்தேன். உள்ளே ஓரமாக, ஊசி முனையளவு சிவப்பு. அழகாகத்தான் இருந்தது. திரும்பப் பதித்துவிட்டேன். முன்பு அந்த அம்மா கேட்டுக்கொண்டபடி பத்தர் அதைத் தங்க விளிம்புக்குக் கீழே மறைத்துப் பதித்திருந்தாராம். அவர் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் பதித்ததில் சிவப்பு வெளியே தெரிந்தது.

தோட்டை வாங்க வந்த வீட்டம்மாவோடு மாப்பிள்ளையின் அத்தையும் வந்தார். லென்ஸை வாங்கிப் பார்த்தார்.

"செம்புள்ளி இருக்கே, சம்பந்தியம்மா. குடும்பத்துக்கு ஆகாதும்பாங்களே."

வீட்டம்மா பத்தரின் முகத்தைப் பார்க்கவில்லை. "இது எங்க கல்லே இல்லைங்க. மாத்திட்டாங்க."

பத்தர் உண்மையைச் சொன்னால் கல்யாணம் நின்றுபோகும். சொல்லாவிட்டால் முப்பது வருஷத் தொழில் போகும். மாற்றியது நான், விற்றும் விட்டேன் என்று சொன்னேன். பத்தர் தன் கல் ஒன்றைப் பதித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். போலீஸ் வேண்டாம் என்று அந்த அம்மாவே முந்திக்கொண்டார்.

அவர்கள் போனபின் பத்தர் கொல்லைப்பக்கம் அழைத்துச் சொன்னார்: "நீ போயிட்டா பழியும் உன்னோட போயிடும். எங்கயும் மாத்திச் சொல்லிடாதேப்பா."

பிற்பாடு திருச்சியில் ஒரு வைரப் பட்டறையில் தெரிந்துகொண்டேன். அந்தச் சிவப்பு வேறொரு கல்லின் துணுக்கு. பூமியின் ஆழத்தில் வைரம் விளையும்போதே உள்ளே சிக்கியது. அதை யாராலும் பின்னால் வைக்க முடியாது. தோட்டிலிருந்த கற்களில் இன்னாருடையது என்று அடையாளம் சொல்லத்தக்கது அது ஒன்றுதான். அதைத்தான் அந்த அம்மா தன்னுடையதில்லை என்றார்.

கும்பகோணத்தை விட்ட மறுநாள் காலை ஆடுதுறைப் பக்கம் ஒரு மதகடியில் முகம் கழுவினேன். அருகே விதைநெல் வயலில் ஒருவர் கலவன் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஒரே ரகப் பயிருக்குள் தலைநீட்டிய வேற்று ரகங்களை. நேற்றுவரை பண்ணையாள், இப்போது தன் பேரில் குத்தகை பதிந்தவர் என்று பிறகு சொன்னார். ஆள் வேண்டுமா என்று கேட்டேன்.

"கண்ணு நல்லாத் தெரியுமா?"

"வைரத்துல புள்ளி பார்த்த கண்ணுங்க."

"அந்த வேலையை ஏன் விட்டே?"

அங்கே என்னைத் தெரிந்தவர் யாருமில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"ஒரு கல்லை மாத்திட்டேங்க."

அவர் கையிலிருந்த கலவனை வரப்பில் போட்டார். "இங்க மாத்த ஒண்ணுமில்ல. பயிரை மிதிக்காம இறங்கு."

பையை வரப்பில் வைத்துவிட்டு இறங்கினேன்.