கழுவிய முகங்கள்

கொதிக்கிற தண்ணீரில் சலவைச் சோடாவைக் கொட்டினால் எழும் காரவாடை, அதோடு தச்சர் காய்ச்சும் வச்சிரப் பசை உருகுவது போன்ற ஒரு கவிச்சி, இரண்டும் கலந்து மூக்கில் ஏறினால் போதும், பங்குனி முடியப்போகிறது என்று எனக்குத் தோன்றிவிடும். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குச் சித்திரைத் திருவிழா நெருங்குவது கொட்டுச் சத்தத்திலும் பந்தல்கால் நடுவதிலும் தெரிந்தது. எங்களுக்கு அது அடுப்பில் ஏற்றிய அண்டாவிலிருந்து தெரிந்தது. வருடக் கடைசியில் எங்கள் வீட்டில் மனிதர்களின் முகங்களைக் கழுவுவோம்.

அப்பா போட்டோ பிடிப்பவர். பரவைப் பக்கத்து விவசாயச் சம்சாரி வீட்டில் பிறந்து, மண்வெட்டி பிடிக்க மாட்டேன் என்று மதுரைக்கு ஓடிவந்து, ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாக இருந்து தொழில் படித்து, பிறகு மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடிவீடு பிடித்துச் சொந்தமாகப் பலகை மாட்டியவர். கீழே நாங்கள் குடியிருந்தோம், மேலே ஸ்டூடியோ. அதன் வடக்குப் பக்கக் கூரையில் பாதி கண்ணாடி. அரண்மனைப் படிக்கட்டும் அன்னம் நீந்தும் குளமும் வரைந்த ஒரு திரை, கையில் சிங்கமுகம் செதுக்கிய ஒரு நாற்காலி, வருகிறவர் எவராயினும் மாட்டிக்கொள்ள ஒரு கறுப்புக் கோட்டு, இவ்வளவுதான் அப்பாவின் முதலீடு. கோட்டு அப்பாவின் அளவுக்குத் தைத்தது. ஒல்லியானவர் போட்டால் முதுகுப் பக்கம் துணி மாட்டும் கவ்விகளால் இறுக்கிவிடுவார். குண்டானவர் என்றால் பொத்தான் போடாமல் கையை மடக்கி வயிற்றின் மேல் வைக்கச் சொல்வார். மதுரையில் பாதிப்பேர் வீட்டுச் சுவரில் அந்த ஒரே கோட்டைத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பாவின் காமிராவில் படம் விழுவது கண்ணாடித் தகட்டில். அதற்குப் 'பிளேட்டு' என்று பேர். கறுத்த முகம் அதில் வெளுத்தும், வெள்ளை வேட்டி கரிபிடித்தும் தெரியும். அந்தப் பிளேட்டு இருந்தால் எத்தனை படம் வேண்டுமானாலும் தாளில் அச்சடித்துக்கொள்ளலாம். படம் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் அப்பா ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "பிளேட்டு நம்மகிட்டயே பத்திரமா இருக்கும், எப்ப வேணாலும் வாங்க, புதுசா அடிச்சுத் தாரேன்." இதைச் சொல்லும்போது அவர் கை நெஞ்சைத் தொடும். கேட்டவர்கள் தங்கள் உயிரில் பாதியை லாக்கரில் வைத்துவிட்டது போல நிம்மதியாக மாடிப்படி இறங்குவார்கள்.

பங்குனி கடைசியில் ஸ்டூடியோவைச் சாத்திவிட்டு, அந்த வருடத்துப் பிளேட்டுகளையெல்லாம் பரணிலிருந்து இறக்குவார். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்; அம்மாவும் நானும் அண்டாவுக்குப் பக்கத்தில் காத்திருப்போம். "வை" என்றால் பெட்டிக்குப் போகும். "கழுவு" என்றால் அண்டாவுக்கு. சோடாத் தண்ணீரில் சற்று ஊறியதும் கண்ணாடியின் மேல் பூசியிருந்த மருந்து பாலாடை மாதிரி நெகிழ்ந்து சுருண்டு வரும். நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பினால் கண், மூக்கு, மீசையோடு உரிந்து தண்ணீரில் மிதக்கும். எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. சுத்தமான கண்ணாடியைத் துடைத்து அடுக்குவோம். அதைத்தான் அப்பா அடுத்தடுத்த படங்களுக்குச் சட்டம் போடும்போது மேலே பதிப்பார். ஒருவர் முகம் இருந்த கண்ணாடி இன்னொருவர் முகத்துக்கு மூடியாகும். உலகச் சண்டைக் காலத்தில் கண்ணாடிக்கு இருந்த தட்டுப்பாட்டில் இது பெரிய சாமர்த்தியம் என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள்.

எது வைப்பது, எது கழுவுவது என்பதற்கு அப்பாவிடம் ஒரு கணக்கு இருந்தது. வக்கீல் வீட்டுக் கல்யாணம், மிராசுதார் குடும்பம், மில் அதிகாரி, இவர்கள் மறுபடி வருவார்கள், ஆகவே "வை". பட்டாளத்துக்கோ ரங்கூனுக்கோ போகுமுன் ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்ட தறிக்காரர்கள், வண்டிக்காரர்கள், சம்சாரிகள், இவர்கள் மறுபடி வரப்போவதில்லை, ஆகவே "கழுவு". இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. அன்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் கூசவில்லை.

பார்த்து முடித்ததும் அப்பா முதுகை நிமிர்த்திக்கொண்டு போன வருடத்துக்குப் பேர் வைப்பார். இது அவருடைய வழக்கம். பஞ்சாங்கத்துப் பேர் அவருக்குப் போதாது. "இது கல்யாண வருசம்" என்பார். "இது காது குத்து வருசம்" என்பார். அதை வைத்து அடுத்த வருடம் திரையை மாற்றலாமா, இன்னொரு நாற்காலி வாங்கலாமா என்று அம்மாவோடு பேசுவார். நான் சொல்லவந்த பங்குனியில் அவர் "இது ரங்கூன் வருசம்" என்றார். அதற்குள் ரங்கூனில் குண்டு விழுந்து, போனவர்கள் காடு மலையெல்லாம் நடந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் அண்டா பல தடவை கலங்கிற்று.

துளசிபாய் வந்தது அதற்குப் பிறகு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில். செல்லூரில் தறி போட்டிருந்த சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். புருஷன் இல்லை. ஒரே மகன் நாராயணன் ஒரு துணிக்கடை வேலையாக ரங்கூன் போயிருந்தான். போவதற்கு முன் எங்களிடம் கோட்டுப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டான். சண்டை வந்த பிறகு கடிதம் நின்றுபோயிற்று. அவள் முந்தானைக்குள்ளிருந்து ஒரு சட்டத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். வீடு ஒழுகிப் படம் நனைந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. காயவைத்துப் பிரித்தபோது முகம் கண்ணாடியில் அப்பிக்கொண்டு வந்து, பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. கோட்டு இருந்தது, சிங்கமுகக் கை இருந்தது, பின்னால் அன்னம் இருந்தது. கழுத்துக்கு மேலே வெறும் வெள்ளை.

ரங்கூனிலிருந்து நடந்து வந்தவர்கள் ரயிலில் மதுரைக்கு வருகிறார்கள், நான் தினமும் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றாள். "வாயால சொன்னா யாருக்கும் அடையாளம் தெரியலண்ணே. படத்தக் காட்டி, இந்தப் பிள்ளையப் பாத்தீகளான்னு கேக்கணும். பிளேட்டு இருக்குன்னு சொன்னீகல்ல."

அப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று. பிளேட்டு அண்டாவுக்குப் போய்விட்டது என்று அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், திட்டியிருப்பாள், போயிருப்பாள். அவர் நெஞ்சைத் தொட்டு, "தேடி எடுத்து வைக்கிறேம்மா, அடுத்த வெள்ளி வாங்க" என்றார். அவள் அடுத்த வெள்ளி வந்தாள். அதற்கடுத்த வெள்ளியும் வந்தாள். வைகையில் தண்ணீர் போகும்போது தாழ்வான கல்பாலத்தில் முழங்கால் நனைய நடந்து வந்தாள். அவள் தலை சந்து முனையில் தெரிந்ததும் அப்பா, பிளேட்டில் படம் எழுப்புகிற இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வேலை நடக்கும்போது அந்தக் கதவைத் திறந்தால் எல்லாம் பாழாகிவிடும் என்று ஊருக்கே தெரியும்; அதைவிட நல்ல ஒளிவிடம் உலகத்தில் இல்லை. அம்மா வாசலில் நின்று, "அவுக உள்ள வேலையா இருக்காக" என்பாள். துளசிபாய் சரி என்று சொல்லிவிட்டு, அந்த நாற்காலியைச் சற்றுநேரம் பார்த்துவிட்டுப் போவாள். ஸ்டேஷனில் அன்று வந்து இறங்கியவர்களிடம் அவள் வெறுங்கையோடு கேட்டுக்கொண்டு நிற்பாள் என்பதை நினைத்து அம்மா அன்றைக்குச் சரியாகச் சாப்பிட மாட்டாள்.

மார்கழியில் ஒருநாள் அப்பா பரணிலிருந்து ஓட்டமாக இறங்கி வந்தார். ஒரு வக்கீல் வீட்டுக் கல்யாணப் பெட்டிக்குள் இடுக்கிக்கொண்டு, கழுவத் தப்பிய ஒரு பிளேட்டு கிடைத்திருந்தது. ஒரு வாலிபன். அதே கோட்டு, அதே நாற்காலி, அதே அன்னம். "கிடைச்சிருச்சு, இதுதான் அவன்" என்றார். அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "அந்தப் பிள்ளைக்கு நெத்தி இம்புட்டு அகலமா இருந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள். அப்பா பிளேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவர் பொய்யாக நடித்தார் என்று நான் நினைக்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு ஞாபகம் இல்லை. நாராயணனின் தாடையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி, "கண்ணக் கொட்டாத மாப்ள" என்று சொன்னவர் அவர்தான். ஆனாலும் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்தது என்பதுதான் அவர் மனதில் நின்றது, முகம் நிற்கவில்லை. அவனாக இருக்க வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது, ஆகவே அவனாக ஆக்கிக்கொண்டார்.

அந்த வெள்ளி அவர் இருட்டறைக்குள் போகவில்லை. நல்ல தாளில் அச்சடித்து, உறையில் போட்டு, தானே கொடுத்தார். எவ்வளவு பெட்டிகளைப் புரட்டினேன் தெரியுமா என்று மூச்சு விடாமல் பேசினார். துளசிபாய் படத்தை எடுத்துப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் போய் இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு உறைக்குள் போட்டு, "சரிண்ணே, வாரேன்" என்று போய்விட்டாள். அன்று அப்பா அம்மாவுக்கு மல்லிகையும் எனக்கு மிட்டாயும் வாங்கி வந்தார். நாங்கள் மூவரும் வெகுநாளைக்குப் பிறகு சிரித்துப் பேசிச் சாப்பிட்டோம். என் வாழ்க்கையில் தின்ற தின்பண்டங்களில் நினைத்தால் இன்றும் தொண்டையில் நிற்பது அந்த மிட்டாய்தான்.

பங்குனிக் கடைசி வந்தது. அண்டா ஏறியது. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, "கழுவு... கழுவு... வை..." என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, திறந்து கிடந்த வாசல் வழியாகத் துளசிபாய் உள்ளே வந்துவிட்டாள். என்ன நடக்கிறதென்று அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. அம்மாவின் கையில் அப்போது ஒரு பட்டாளக்காரப் பையனின் முகம் பாதி உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. துளசிபாய் அதைப் பார்த்தாள். அண்டாவுக்குள் மிதந்தவற்றைப் பார்த்தாள். பக்கத்தில் பளபளவென்று அடுக்கியிருந்த கண்ணாடிகளைப் பார்த்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை. அப்பாவின் கை தூக்கிய பிளேட்டோடு அப்படியே நின்றது.

அவள் கத்துவாள் என்று நான் பயந்தேன். அவள் உறையை எடுத்து அப்பாவுக்கு முன்னால் தரையில் வைத்தாள்.

"இது என் பிள்ளை இல்லண்ணே. அன்னைக்கே தெரியும். அம்புட்டு நாள் தேடுனேன்னு சொன்னீக, அதான் வாய் வரல" என்றாள். உறையைக் காட்டி, "யாரு பெத்த பிள்ளையோ, அவுக அம்மா என்னைய மாதிரி தேடி வருவாக. இவனோட பிளேட்டையாவது கழுவாம வைங்க" என்றாள்.

போய்விட்டாள். அம்மா கையிலிருந்ததைத் தண்ணீருக்குள் விடவும் முடியாமல், ஒட்டவைக்கவும் முடியாமல் அப்படியே வைத்திருந்தாள். அப்பா எழுந்து போய் இருட்டறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே எந்த வேலையும் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். அந்த வருடத்துக்கு அவர் பேர் வைக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வருடத்துக்கும் வைக்கவில்லை. எங்கள் வீட்டில் அண்டா பிறகு நெல் அவிக்கத்தான் ஏறியது. பிளேட்டுகள் பரண் நிறைந்து, கட்டிலடி நிறைந்து, நாங்கள் படுக்க இடமில்லாமல் பெருகின. யாராவது படம் வாங்க வந்தால் அப்பா பழைய வாக்கியத்தைச் சொல்லமாட்டார், கை மட்டும் நெஞ்சுவரை போய்த் திரும்பும். செல்லூர்ப் பக்கம் அவர் போனதே இல்லை. ஒருதடவை போய்க் காலில் விழுந்திருக்கலாம். அந்தத் தைரியம் அவருக்கு வரவில்லை, அவரைப் போகச் சொல்லும் தைரியம் எங்களுக்கும் வரவில்லை. துளசிபாய் தொடர்ந்து ஸ்டேஷனுக்குப் போனாள் என்று மட்டும் கேள்விப்பட்டோம்.

இப்போது அந்த மாடி இல்லை. அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. கண்ணாடிக் கூரையும் சிங்கமுக நாற்காலியும் அன்னம் நீந்திய குளமும் எங்கே போயினவோ தெரியாது. பிளேட்டுகள் அப்பா காலமான பிறகு மழையிலும் கரையானிலும் போயின. அந்த அகன்ற நெற்றிப் பையனின் படம் மட்டும் என் துணிப்பெட்டியில் இருக்கிறது. கல்யாணமாகி நான் போன வீடுகளுக்கெல்லாம் அவனும் கூடவே வந்தான். பிள்ளைகள் பெட்டியை ஒழிக்கும்போது யார் இது, நமக்கு என்ன உறவு என்று கேட்பார்கள். உறவு இல்லை, வைத்துவிடு என்பேன். அவனைத் தேடி ஒருவரும் வரவில்லை. அவனைப் பெற்றவள் இனி வரப்போவதும் இல்லை. ஆனாலும் யாராவது வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்க அவன் இருக்கிறான். கேட்டு வந்தவளுக்குக் கொடுக்கத்தான் எங்களிடம் ஒன்றும் இல்லாமல் போயிற்று.