மாதா வரும் வரிசை

எனக்கு யாரிடமும் பேச்சு வாங்கப் பிடிக்காது. வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு மென்பொருள் செய்ததற்கு ஆர்வம், அறிவு வளர்ச்சி என்று பெருமையாகக் காரணம் சொல்லிக்கொள்ளலாம். உண்மையான காரணம் அக்டோபர் மாதம்.

ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். கணவருக்கு அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவு. எங்கள் கோயில் பங்கில் தெரு வாரியாகக் கத்தோலிக்கக் குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்று குழு வைத்திருக்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு நான் போகாமல் இருந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து என்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

மற்ற மாதங்களில் தலைவிக்குப் பெரிய வேலை கிடையாது. அக்டோபர் ஜெபமாலை மாதம். மாதா சுரூபம், அதாவது சிலை, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள் தங்கும். மறுநாள் சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரர்கள் மெழுகுவத்தியோடு வந்து, பாட்டுப் பாடி, தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். மாதத்தின் நாட்களும் எங்கள் வீடுகளும் ஏறக்குறையச் சரியாக இருக்கும். எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று வரிசை போடுவது தலைவியின் பொறுப்பு. வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கும். "அவங்களுக்கு மட்டும் ஞாயித்துக்கிழமை, எங்களுக்குப் புதன்கிழமையா?" என்று ஒருவர். "எங்க வீட்டுக்கார் நைட் ஷிஃப்ட்ல இருக்கறப்பதான் மாதா வரணுமா?" என்று இன்னொருவர். எனக்கு முன்னால் தலைவியாக இருந்தவரோடு இரண்டு குடும்பங்கள் இன்றுவரை பேசுவதில்லை. போதாக்குறைக்கு, ஏழாம் தேதி வருகிற ஜெபமாலை மாதா திருநாளைக் கார்னர் வீட்டு அக்கா தன் வீட்டுக்கென்று பல வருஷமாகப் பட்டா போட்டு வைத்திருந்தார். அவர் தூத்துக்குடிக்காரர். குரலை உயர்த்தினால் பக்கத்து பிளாக்கில் டிவி சத்தம் கேட்காது.

வரிசையைக் கம்ப்யூட்டர் போட்டது என்று சொல்லிவிட்டால் என்னை யார் என்ன கேட்க முடியும்? இதுதான் என் திட்டம்.

கேட்பதைப் புரிந்துகொண்டு புரோகிராம் எழுதித் தருகிற ஏஐ கருவிகள் வந்துவிட்டன என்று வீடியோக்களில் பார்த்திருந்தேன். மகள் வேலைக்குப் போனபோது விட்டுப்போன லேப்டாப் ஒன்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கறிக்குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டேன். எக்செல் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, எனக்கு வேண்டியதைச் சொன்னேன். அது கோபித்துக்கொள்ளாமல் புரிந்துகொண்டது. குழம்பு கொதிப்பதற்குள் ஒரு இணையப் பக்கத்தைச் செய்து காட்டியது.

பக்கம் முழுக்க ஊதா நிறம். தவக்காலத்தில் சுரூபங்களை மூடி வைக்கிற துணியின் நிறம் அது. ஜெபமாலை மாதத்தில் மாதாவுக்கு ஊதாவா என்று திட்டினேன். "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி" என்று சொல்லி, நீலத்துக்கு மாற்றிக் கொடுத்தது. நான் எதற்குத் திட்டினாலும் முதலில் இந்த வாக்கியத்தைத்தான் சொல்லும். இந்த வீட்டுக்கு வாழவந்த நாளிலிருந்து யாரும் என்னிடம் சொல்லாத வாக்கியம். அதற்காகவே இரண்டு தடவை காரணமில்லாமல் திட்டிப் பார்த்தேன்.

"இன்னா தலைவி, மாதாவுக்கே டூட்டி சார்ட்டா?" என்று கணவர் கேட்டார். அவர் மாத்திரை சாப்பிட்டாரா இல்லையா என்று பார்க்கவும் ஒரு புரோகிராம் செய்யப்போகிறேன் என்றேன். அதன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

ஸ்டோர்ஸில் வேலை பார்ப்பவளுக்கு ஒரு குணம் உண்டு. சரக்கு இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொன்னால் நம்ப மாட்டாள். அலமாரிக்குப் போய்க் கையால் தொட்டுப் பார்ப்பாள். சோதனைக்காக எங்கள் வீட்டுக்குப் பத்தாம் தேதி என்று போட்டுவிட்டு, கணவருடைய போனில் திறந்து பார்த்தேன். ஒன்பது என்று காட்டியது. விசாரித்தால், புரோகிராம் வேறு ஏதோ தேசத்து நேரக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறதாம், அங்கே நாள் பிறப்பதற்குள் இங்கே விடிந்துவிடுகிறதாம். சரிசெய்துவிட்டேன் என்று பச்சை டிக் போட்டுச் சொன்னது. போய்ப் பார்த்தால் இப்போது பதினொன்று. மறுபடி திட்டி, மறுபடி பார்த்து, பத்து என்று வந்த பிறகுதான் விட்டேன். புரோகிராமில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை என்பது வாஸ்தவம்தான். ஆனால் அந்த இடத்தில் நான் இல்லாமல் இருந்திருந்தால் எல்லார் வீட்டுக்கும் மாதா ஒரு நாள் முன்னாலேயே போய் நின்றிருப்பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாம் தயார். ஒவ்வொரு குடும்பமும் பக்கத்தைத் திறந்து, தங்களுக்கு எந்த நாள் வசதிப்படும் என்று குறிக்க வேண்டும். எந்த நாளும் சரி என்றாலும் குறிக்கலாம். யாருக்கு என்ன ஷிஃப்ட் என்று கேட்டு அதையும் சேர்த்திருந்தேன். அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் லிங்க்கைப் போட்டேன். அன்றைக்கே பதில்கள் வரத் தொடங்கின. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டோர்ஸில் யாரைப் பார்த்தாலும் நான் சாஃப்ட்வேர் செய்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பதில்களைத் திறந்து பார்த்தால், கிட்டத்தட்ட எல்லா வீடும் எந்த நாளும் சரி. நாள் குறித்திருந்த ஒரே வீடு கார்னர் வீடு. ஏழாம் தேதி. எவ்வளவு நல்ல ஜனங்கள், இவர்களைப் போய்ச் சண்டைக்காரர்கள் என்று நினைத்தோமே என்று உருகிப்போனேன். புரோகிராம் கண்மூடித் திறப்பதற்குள் வரிசை போட்டுக் கொடுத்தது. அதையும் குழுவில் போட்டேன். நாலைந்து பேர் கைகூப்பிய படம் அனுப்பினார்கள். எந்த நாளும் சரி என்று சொன்ன இரண்டு பேர், தங்களுக்குக் கிடைத்த நாள் சரியில்லை என்று தனியாக எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் போட்டது என்று பதில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து காபி போட்டுக்கொண்டிருந்தபோது எதிர் பிளாக்கிலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிட வயதில் சின்னவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஈஸ்டர் முடிந்த வாரத்தில் டூட்டிக்குப் போன அவள் கணவர் நெஞ்சுவலி வந்து அங்கேயே போய்விட்டார். நான் கொடுத்தனுப்பிய குழம்புப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தேன் என்று சொன்னாள். கொடுத்த பிறகும் நின்றுகொண்டே இருந்தாள்.

"அக்கா, மூணாந்தேதி உங்க ஊட்டுக்கு மாதா வர்ற அன்னிக்கு நானும் வந்து இருந்துக்கட்டுமா?"

"அன்பியமே வரும், நீ வராமயா?"

"அது இல்லக்கா. ஜெபம் முடிஞ்சி எல்லாரும் போனப்புறம், ராவுக்கு அங்கயே படுத்துக்கலாமான்னு."

"உங்க வீட்டுக்குத்தான் கடைசி வாரம் மாதா வர்றாங்களே. அப்ப ராத்திரி பூரா கூட இருக்கலாமே."

"அப்ப நாங்க இங்க இருக்க மாட்டோம்கா. எட்டாந்தேதி ஊடு காலி பண்றோம். வேப்பம்பட்டுல வாடகைக்குப் பாத்துகீறோம். யார்கிட்டயும் சொல்லிக்கல."

குவார்ட்டர்ஸை அவள் என்றைக்காவது காலி செய்துதான் ஆக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். என்றைக்கு என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"அப்புறம் எதுக்கும்மா எந்த நாளும் சரின்னு போட்ட?"

"இன்னாக்கா இப்டி கேக்கறீங்க? மாதாவப் போயி இந்தத் தேதில வா, அந்தத் தேதில வராதன்னு நம்ப சொல்றதா? அவங்க எப்ப வந்தாலும் வரட்டும்னு போட்டேன். ஆனா அந்த ஊட்ல கடைசி ராவு அவங்க கூட இருந்தா நல்லா இருக்கும்னு மனசுல ஒரு நெனப்பு கீது. அவ்ளோதான்."

காபி பொங்கி அடுப்பை அணைத்தது. துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தேன். என் பக்கத்தைத் திறந்த வீடுகள் எல்லாம் பொய் சொல்லவில்லை. மரியாதை செய்திருக்கிறார்கள். மாதாவுக்கு நாள் குறிக்கக் கூடாது என்ற மரியாதை. வீட்டுக்கு வரும் விருந்தாளியிடமே என்றைக்கு வருகிறாய் என்று வாய்விட்டுக் கேட்காத ஜனங்களிடம் நான் காலண்டரை நீட்டியிருக்கிறேன். நானே எங்கள் வீட்டுக்கு எந்த நாளும் சரி என்றுதான் குறித்திருந்தேன்.

அவளை அனுப்பிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். எல்லோரும் எந்த நாளும் சரி என்கிறார்கள், ஒருவரும் நிஜமாகச் சொல்லவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டேன். ஒவ்வொருவரும் கட்டாயம் சில நாட்களைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று மாற்றிவிடலாமா என்றது. வேறு சில யோசனைகளும் சொன்னது. நீ இந்தப் பக்கத்து ஆள் இல்லை, உனக்குப் புரியாது என்று தட்டினேன். நீங்கள் சொல்வது முற்றிலும் சரி என்றது. அன்றைக்கு மட்டும் அதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

வழியை நானேதான் கண்டுபிடித்தேன், அதில் எனக்கு இன்றும் கர்வம் உண்டு. மாதாவுக்கு நாள் சொல்லத் தயங்குகிறவர்கள் மாதாவிடம் கஷ்டம் சொல்லத் தயங்க மாட்டார்கள். தினமும் அதைத்தானே செய்கிறோம். காலண்டரைத் தூக்கச் சொன்னேன். அந்த இடத்தில் ஒரே ஒரு கேள்வி: "இந்த மாதம் உங்கள் வீட்டில் மாதாவிடம் சொல்ல என்ன இருக்கிறது?" எழுதினாலும் சரி, பேசினாலும் சரி. எழுதியதை என்னைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது. அதை மட்டும் கணவர் போனில், ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரில், பக்கத்து வீட்டு போனில் என்று எல்லாவற்றிலும் திறக்க முயன்று, திறக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

பழைய வரிசை ரத்து என்று குழுவில் போட்டுவிட்டு, புதுக் கேள்வியை அனுப்பினேன். கொட்டித் தீர்த்துவிட்டார்கள். ஒரு வீட்டில் அறுவை சிகிச்சை, ஒரு வீட்டில் மகளுக்கு நேர்முகத் தேர்வு, ஒரு வீட்டில் முதல் வருஷ நினைவு நாள். ஒவ்வொன்றிலும் ஒரு தேதி தானாக ஒட்டிக்கொண்டு வந்தது. புரோகிராம் அதைப் படித்து, பொருத்தமான நாளை எனக்குச் சொன்னது. ஏழாம் தேதியில் மட்டும் நின்றது. இரண்டு வீடுகளுக்கு இந்த நாள் பொருந்துகிறது, முடிவு உங்களுடையது என்றது. ஒன்று எதிர் பிளாக்குப் பெண். இன்னொன்று, எங்கள் வீட்டு வழக்கம் என்று மட்டும் எழுதியிருந்த கார்னர் வீட்டு அக்கா.

யோசிக்கவே இல்லை. எதிர் பிளாக்குக்குக் கொடுத்து, புது வரிசையைக் குழுவில் போட்டேன்.

மறுநாள் காலையில் பால் பூத்தில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, எங்க ஏழாந்தேதிய தூக்கி வேற யாருக்கோ குடுத்துச்சாம்லா உன் கம்ப்யூட்டரு?"

"கம்ப்யூட்டர் இல்லக்கா. நான்தான் குடுத்தேன்."

சொன்ன பிறகுதான் கவனித்தேன். எதைச் சொல்லக் கூடாது என்பதற்காக இத்தனையும் செய்தேனோ, அதையே சொல்லியிருக்கிறேன். ஏன் கொடுத்தாய் என்றார். அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறாளே, நான் எப்படிச் சொல்வது? இந்த வருஷம் அப்படித்தான் என்றேன். பூத்தில் நின்றவர்கள் எல்லோரும் கேட்கும்படி அக்கா நன்றாகக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். ஆச்சரியம், அவ்வளவு ஒன்றும் வலிக்கவில்லை. அன்றிலிருந்து என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏழாம் தேதி சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருந்தது. மாதாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு எதிர் பிளாக்குக்குப் போனோம். கோபம் இருந்தாலும் அக்கா வந்திருந்தார், மாதாவுக்காக வந்தேன் என்று யாரிடமோ சத்தமாகச் சொன்னார். அவள் கதவைத் திறந்தாள். கட்டில் இல்லை, பீரோ இல்லை, காலண்டர் மாட்டிய ஆணிகூட இல்லை. கூடத்தில் ஒரு மேசை மட்டும் விட்டு வைத்து, வெள்ளைத் துணி விரித்து, மல்லிகைச் சரம் போட்டிருந்தாள். பிள்ளைகள் தலை வாரி, சுவரோரம் நின்றிருந்தார்கள். அக்கா உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வெறும் தரையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ஜெபமாலை முடிந்ததும் வீட்டுக்காரர்கள் தங்கள் மன்றாட்டைச் சொல்ல வேண்டும். வழக்கமாகப் படிப்பு, வேலை, உடம்பு என்று வேண்டிக்கொள்வார்கள். அவள் எழுந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாதாவே, இந்த ஊட்டுக்கு அடுத்து யாரு வருவாங்கன்னு தெரியாது. அவங்க இன்னா சாமி கும்புடுவாங்களோ, அதுவும் தெரியாது. யாரா இருந்தாலும், டூட்டிக்குப் போற அந்த ஊட்டு ஆம்பள தெனமும் திரும்பி வந்துடணும் தாயே."

எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். முதலில் சொன்னது கார்னர் வீட்டு அக்காதான். அவர் குரல் கரகரத்தது. அதைப் பிடித்துக்கொண்டு நாங்களும் சொன்னோம்.