மூன்று தீவு, மூன்று அறை

புளித்த பாலும் கிரைப் வாட்டரும் கலந்த ஒரு வாடை. இடது தோளில்தான் அடிக்கும். சட்டையைத் துவைத்தாலும் போகாது. அந்தமான் என்று யாராவது சொன்னால் மற்றவர்களுக்குக் கடல் நினைவு வரும். எனக்கு அந்த வாடை வரும்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. எட்டாவது படித்தேன். மராட்டி பேசும் ஊரான தாபோடியில் லைன் வீடு. அப்பா ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். அரசாங்க வேலைக்காரர்களுக்குச் சில வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு ஊர் சுற்றி வரச் செலவு கொடுப்பார்கள். அதை எங்கள் வீட்டில் "எல்டிசி" என்போம். அந்த டிசம்பர் தாண்டினால் அப்பாவுடையது வீணாகிவிடும். அவரோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் அந்தமான் போய் வந்திருந்தார்கள். அங்கே ஒரு படகு உண்டாம், அதன் அடியில் பலகைக்குப் பதில் கண்ணாடியாம், ஏறி உட்கார்ந்து குனிந்தால் கடலின் தரை தெரியுமாம், பவளப் பாறையும் அதன் நடுவே மீன்களும் நம் காலுக்குக் கீழே போகுமாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நான் மூன்று தடவை போய்க் கேட்டுவிட்டு வந்தேன். எனக்கு ஊர் சுற்றுவதில் ஆசை இல்லை. கடல்கூட வேண்டாம். அந்தப் படகில் ஒரு தடவை குனிந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு சிக்கல் இருந்தது. அக்காவுக்குத் தலைப்பிரசவம் எங்கள் வீட்டில் ஆகி, பாப்பாவுக்கு ஐந்தாவது மாதம் நடந்தது. விஷ்ராந்த்வாடியில் இருந்த அவள் வீட்டுக்காரர், நாங்கள் "மாமா" என்று கூப்பிடுகிறவர், நானும் வருகிறேன் என்றார். அப்படியானால் அக்காவும் வருவாள், பாப்பாவும் வரும். தாத்தா, அப்பாவின் அப்பா, நடுக்கூடத்தில் உட்கார்ந்து சட்டம் போட்டார்.

"கொலதெய்வத்துக்கு மொட்ட அட்ச்சி காது குத்தறவரிக்கும் கொயந்த மேல கடல் காத்து படக்கூடாது. அப்பால உங்க இஷ்டம்."

அப்படிச் சொன்னவர் தன் பையைத்தான் முதலில் கட்டினார்.

அம்மா தாத்தாவிடம் வழி சொன்னாள். "ரூம்லயே வெச்சிக்கலாம் மாமா. யாராச்சும் ஒருத்தர் மாத்தி மாத்தி இருந்தா ஆச்சி."

மாற்றி மாற்றி. அதை நான் நம்பினேன். தீபாவளி லீவோடு சேர்த்துப் பள்ளிக்கு இரண்டு வாரம் மட்டம் போடச் சொன்னபோதும் சந்தோஷமாகத்தான் தலையாட்டினேன்.

சென்னை போய்க் கப்பல் ஏறினோம். மூன்று நாள் பயணம். எங்களுக்குக் கிடைத்தது கப்பலின் அடிவயிற்றில், வரிசையாக அடுக்குக் கட்டில் போட்ட பெரிய கூடம். சன்னல் கிடையாது. டீசல் நாற்றம், வாந்தி நாற்றம். மேல்தளத்துக்குப் போனால் காற்று வரும், பறக்கிற மீன் வரும். தம்பி குமார், ஒன்பது வயது, படியில் ஏறி ஏறி ஓடினான். எல்லோரும் ஏறினார்கள். பாப்பாவுக்குக் காற்று ஆகாதே. முதல் நாள் காலையில் அம்மா அதை என் தோளில் போட்டாள்.

"கொஞ்ச நேரம் வெச்சினு இருடி. தோ வந்துட்றோம்."

மூன்று நாளும் அந்தக் கொஞ்ச நேரம்தான். இரண்டாம் நாள் நான் வாய் திறந்தேன்.

"தாத்தா, கப்பலே கடல் மேல தான போவுது? காத்து எங்க போவும்?"

"வாய் பேசாத. துண்ட எட்த்து காத மூடு."

பாப்பாவின் காதைத்தான் சொன்னார். நான் மூடினேன்.

போர்ட் பிளேரில் கடைத்தெருவில் ஒரு லாட்ஜ். சன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர், அதில் பாசி. சுதந்திரத்துக்குப் போராடியவர்களை அடைத்து வைத்த ஜெயிலைப் பார்க்க எல்லோரும் கிளம்பினார்கள். நான் செருப்பு மாட்டினேன். அம்மா என்னைப் பார்த்தாள், பாப்பாவைப் பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றினேன். மாமாதான் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"ஜோதிக்கு ஜெயில தனியா காட்டணுமா இன்னா? ரூமே அப்டிதான கீது."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும். அக்காவுக்கு அப்போது இருபத்தொன்று. கல்யாணமாகி மறுமாதமே கர்ப்பம். ஒன்றரை வருஷமாக வீட்டுக்குள்ளேயே கிடந்தவள். அவள் சிரித்ததை நான் பொறுத்துக்கொள்ளலாம் என்று இந்த வயதில் தோன்றுகிறது. அந்த வயதில் தோன்றவில்லை.

அடுத்த தீவு ஹேவ்லாக். தகரக் கூரை போட்ட குடிசை மாதிரி அறை. பாக்கு மரங்களுக்கு அந்தப் பக்கம் கடல். சத்தம் கேட்கும், தெரியாது. பாப்பாவுக்குப் பசித்தால் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அக்காவைக் கூப்பிட வேண்டும். மரங்களின் விளிம்பு வரைக்கும்தான், அதற்கு மேல் காற்று. அக்கா ஈரப் பாவாடையோடு வந்து பால் கொடுத்துவிட்டு, அதன் வாயைத் துடைக்கக்கூட நிற்காமல் ஓடுவாள். குமார் உடம்பெல்லாம் மணலோடு வந்து நின்றான்.

"அக்கா, ஏக் நம்பர்! மண்ணு மைதா மாவு மாரி கீது. நீ ஏன் வர்ல?"

ஏன் வரவில்லை! அவனை அறைந்திருப்பேன். மடியில் பாப்பா தூங்கியது.

இரண்டு நாள் அந்த அறையில் மின்விசிறியைப் பார்த்தேன். மூன்று இறக்கை. ஒன்றில் துரு. பாப்பா அதைப் பார்த்துக் கை ஆட்டும். நான் காலை நீட்டி அதைக் குப்புறப் போட்டுத் தட்டித் தட்டித் தூங்க வைப்பேன். கிரைப் வாட்டர் எப்போது, வெந்நீர் எப்போது, எந்த அழுகை வயிற்று வலி, எந்த அழுகை தூக்கம் என்று எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

மூன்றாவது தீவு நீல். அங்கேதான் கண்ணாடிப் படகு. ஃபெர்ரியில் வரும்போது அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் அதிகம் பேசமாட்டார். அந்தப் பழக்கம் எனக்கும் வந்திருக்கிறது.

"நாளைக்கி போட்டுல நீதான் மொதல்ல ஏர்ற. அம்மா கொயந்தய பாத்துக்குவா. சொல்ட்டேன்."

மறுநாள் காலையில் நானே தலை வாரி ரிப்பன் கட்டினேன். படகுக்கு எதற்கு ரிப்பன்? கட்டினேன். இளநீர்க் கடையின் பின்னால் காற்று மறைவாக அம்மா பாப்பாவைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றாள். படகு முழங்கால் ஆழத்தில் நின்றது. ஆறு பேர்தான் ஏறலாம். தாத்தா, அப்பா, அக்கா, மாமா, குமார், நான். கணக்குச் சரியாக இருந்தது. தண்ணீருக்குள் நடந்தேன். வெதுவெதுவென்று இருந்தது. அப்பா கை கொடுத்துத் தூக்கிவிட்டார். கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார் படகுக்காரர். கீழே மணல் தெரிந்தது. என் நிழல் தெரிந்தது. மீன் இன்னும் இல்லை; உள்ளே போனால்தான் வரும் என்றார்.

அப்போது பாப்பா கத்தியது. பசி அழுகை இல்லை. கை மாறிய அழுகை. எட்டு நாளாக என் தோளிலேயே கிடந்த பிள்ளைக்குப் பாட்டியின் தோள் பிடிக்கவில்லை. அம்மா ஆட்டினாள், தட்டினாள். மூச்சடைக்கிற மாதிரிக் கத்தியது. அக்கா எழுந்தாள். மாமா அவள் கையைப் பிடித்து, "இரு, காசு கட்டியாச்சி" என்றார். தண்ணீர் வற்றுகிறது, இதுதான் கடைசி நடை என்று படகுக்காரர் இந்தியில் அவசரப்படுத்தினார்.

கரையிலிருந்து அம்மா கூவினாள். "எங்கிட்ட நிக்கமாட்டேங்குதே! அவகிட்டதான் நிக்குது!"

தாத்தா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "எறக்கி வுடு. உம் பொண்டாட்டியும் கடல் அடிய பாத்ததில்ல. அவ வர்ட்டும். இவளுக்கு இன்னா, வயசு கீது. இன்னோர் வாட்டி பாத்துக்குவா."

நான் அப்பாவைப் பார்த்தேன். நேற்று சொன்னவர். அவர் கண்ணாடியைப் பார்த்தார்.

"எறங்கும்மா" என்றார்.

இறங்கினேன். அம்மா பாப்பாவை என் கையில் கொடுத்தாள். உடனே அழுகை நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் அந்தப் பிள்ளையைப் பிடிக்காமல் போயிற்று. படகு நகர்ந்தது. ஆறு தலையும் குனிந்தே இருந்தன. ஒரு தலைகூடக் கரைப் பக்கம் திரும்பவில்லை. குமார் "பச்ச, பச்ச!" என்று கத்துவது கேட்டது.

நான் இளநீர்க் கடைக்குப் பின்னால் போகவில்லை. பாப்பாவின் துண்டை அவிழ்த்து மணலில் போட்டேன். நேராகத் தண்ணீருக்குள் நடந்தேன். முழங்கால் வரை. இரண்டு அக்குளிலும் கை கொடுத்துப் பாப்பாவை இறக்கினேன். கால் பட்டது. அது மூச்சைப் பிடித்துக்கொண்டது. இன்னும் இறக்கினேன், இடுப்பு வரை. காலை உதைத்தது. பிறகு சிரித்தது. அதுவரைக்கும் அது வாய்விட்டுச் சிரித்ததில்லை. அன்றுதான் சத்தத்தோடு சிரித்தது. நான் ஒரு கை தண்ணீரை அள்ளி அதன் தலையில் விட்டேன். தாத்தாவின் சட்டத்தின் மேல் விட்டேன். இப்போது கேட்டாலும் அதற்கு நான் வருத்தப்படவில்லை.

படகு திரும்பியபோதும் நாங்கள் தண்ணீரில்தான் நின்றோம். தாத்தா படகிலிருந்தே கத்தினார். அக்கா குதித்து ஓடி வந்து பிள்ளையைப் பிடுங்கினாள். அப்பா வந்தார். அத்தனை பேர் பார்க்க என்னைக் கன்னத்தில் அடித்தார். அதற்கு முன்னால் அவர் என்னை அடித்ததில்லை. அடித்தது கோபத்திலா, நேற்றுச் சொன்ன வார்த்தை உறுத்தியதாலா என்று நான் கேட்கவில்லை.

திரும்பும் கப்பலில் பாப்பாவுக்கு மூக்கு ஒழுகியது. ஒரு நாள். சென்னை வருவதற்குள் சரியாகிவிட்டது. ஆனால் தாத்தா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"தெய்வக் குத்தம். ஒரு வயசு ஆவறதுக்குள்ள மொட்ட போடணும். அதுவரிக்கும் கொயந்தய அவளே பாக்கட்டும். யாரு பண்ணாளோ அவ சொமக்கட்டும்."

அக்கா புருஷன் வீட்டுக்குப் போகும்போது என்னையும் விஷ்ராந்த்வாடிக்கு அனுப்பினார்கள். என் பள்ளிக்கூடப் பை தாபோடியிலேயே ஆணியில் தொங்கியது. ஒன்பதாம் மாதம் மொட்டை போட்டார்கள், காது குத்தினார்கள். நான் திரும்பலாம் என்று நினைத்தேன். அதற்குள் அக்காவுக்கு வேலை கிடைத்தது. "இன்னும் ஆறு மாசம்" என்றார்கள். பிறகு பரீட்சை முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் என்றார்கள். அடுத்த வருஷம் அக்காவுக்கு இரண்டாவது. எட்டாவதின் பாதியில் என் படிப்பு நின்ற கதை இவ்வளவுதான். அந்த வீட்டில் அக்காவின் மாமியார் வாங்கிய தமிழ் வாரப் பத்திரிகைகளைப் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். இதை எழுதுகிற தமிழ் அப்படி வந்தது.

பதினெட்டு வருஷம் ஆகிறது. தாத்தா இல்லை. லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள். மூன்று நாள் கப்பலில் போன தூரத்தை இப்போது விமானத்தில் தாண்டுகிறார்கள். ஹேவ்லாக், நீல் என்ற பெயர்களும் இல்லை. அரசாங்கம் வேறு பெயர் வைத்துவிட்டது. அந்தப் பாப்பா ஆறடி வளர்ந்து கல்லூரிக்குப் போகிறான். சளிகூடப் பிடிக்காது அவனுக்கு. எனக்குப் பிள்ளை இல்லை. ஆகுர்டியில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன்.

போன ஞாயிறு குமார் போன் செய்தான். ஐடி வேலை, அவனுக்கு ஆறு மாதக் குழந்தை.

"அக்கா, அந்தமான் போறோம். அப்பா, அம்மா, நாங்க. உனக்கும் டிக்கெட் போட்டுட்டேன்."

"எனக்கு எதுக்குடா?"

"அரே, நீ இல்லாம எப்டி? கொயந்த உங்கிட்டதான் நிக்குது. இவளும் பாவம், வெளிய போயி ஒரு வருஷம் ஆச்சி."

அவன் பேசிக்கொண்டே போனான்.

"அந்தக் கண்ணாடி போட்டு ஞாபகம் கீதா அக்கா? பச்ச மீனு? நீ எம் பக்கத்துலதான உக்காந்திருந்த?"

"நான் அந்தப் போட்டுல இல்ல."

"ஹட்! எல்லாருமாதான் போனோம். அம்மாவ கேளு."

கேட்டேன். அம்மாவும் அதையே சொன்னாள். "நீயும்தானடி இருந்த?" அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவர் வாங்கவில்லையாம்.

படிப்பு போனதைக்கூட ஒரு மாதிரி விழுங்கிவிட்டேன். இதை விழுங்க முடியவில்லை. இறக்கிவிட்டவர்கள், இறக்கிவிட்டதையே மறந்து, என்னை மறுபடியும் ஏற்றி உட்கார வைத்துவிட்டார்கள்.

என் டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டேன். ஏன் என்று குமார் நாலு தடவை கேட்டான். போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதினேன். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவன் பெண்டாட்டி கோயம்புத்தூர்க்காரி, நன்றாகப் படிப்பாள். அவள் இதை அவனுக்கும் அப்பாவுக்கும் உரக்கப் படித்துக் காட்டட்டும். படித்து முடிக்கும் வரை குழந்தையைக் குமார் வைத்திருக்கட்டும்.