மொய்யைப் புல்லாகக் கொடுங்கள்

நோர்ஜ்மா அக்காவுக்குக் கல்யாண விருந்து நடந்தபோது அவளுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, முப்பது வருடமாக அவளோடு குடித்தனம் நடத்திய லுவ்சான்தான். நான் அவளுக்கு ஓரகத்தி. லுவ்சானின் தம்பியைக் கட்டிக்கொண்டவள். அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஹனுய் ஆற்றங்கரையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பாதி பொய். கூடவே இருந்து பார்த்தவள் நான்.

செலவழிப்பதில் எங்கள் ஆட்கள் யாரும் கஞ்சர்கள் இல்லை. வெள்ளாட்டு மயிர் விற்ற துக்ரிக் காசு வசந்தத்தில் வரும், கிடாய் விற்றது இலை உதிரும்போது வரும், இரண்டும் வந்த வேகத்தில் போய்விடும். எதற்குச் செலவு என்று சொல்வதில்தான் சிக்கல். விருந்தாளிக்கு என்றால் ஒரு கேள்வி வராது. மகள் படிப்புக்கு, பந்தயக் குதிரைக்கு, பண்டிகைக்கு, எல்லாம் சரி. கெட்ட காலம் வரலாம், அதற்காக என்று மட்டும் வாய் திறக்கக் கூடாது. சொன்னால் வந்துவிடும். பனி பெய்து, உருகி, மறுபடி கல்லாக இறுகி, அடியில் இருக்கும் புல்லைத் தோண்ட முடியாமல் ஆடு நின்ற இடத்திலேயே விழுந்து சாகுமே, அதற்கு எங்கள் மொழியில் ஒரு பெயர் உண்டு. இப்போதுகூட நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அந்த வருடம் கோடை மழை ஏமாற்றிவிட்டது. புல் கணுக்காலுக்கு மேல் வளரவில்லை. ஆனால் யார் வந்து "ஆடு மாடெல்லாம் கொழுத்திருக்கா?" என்று கேட்டாலும் "நல்லா கொழுத்திருக்கு" என்றுதான் சொன்னோம். அப்படிச் சொல்வதுதான் முறை. சொல்லிச் சொல்லி அது நிஜம் என்றே நம்பத் தொடங்கிவிட்டோம், முட்டாள்கள்.

அக்கா நம்பவில்லை. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரே குளிர்காலத்தில் அவள் பிறந்த வீட்டு மந்தை முழுவதும் போனது. விருந்து வைக்க ஒரு ஆடு மிஞ்சாமல், ஒரு சேணத்தோடு லுவ்சான் வீட்டுக்கு வந்தவள் அவள். வடக்கிலிருந்து லாரியில் காய்ந்த புல் வரவழைத்துவிட வேண்டும் என்று துடித்தாள். ஒரு வீட்டுக்காக லாரி வராது. ஆற்றோரம் இருக்கும் ஐந்து குடும்பமும் சேர்ந்தால்தான் முடியும். முதலில் லுவ்சானுக்குச் சித்தப்பா மகனான தாம்தினிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"தம்பி, கொஞ்சம் புல்லு வாங்கிப் போட்டா என்ன?"

"எதுக்கு அண்ணி?"

அதைத்தான் அக்கா சொல்ல முடியாது.

"கேக்கறேன்ல, எதுக்கு? நானே மோட்டார் சைக்கிளுக்குச் சேத்துக்கிட்டிருக்கேன். ஏதாவது ஏடாகூடமா சொல்லி வச்சுடாதீங்க. இருக்கறது நல்லா இருக்கட்டும்."

வீடு திரும்பியவள் மாவைப் பிசையவில்லை, அடித்தாள். "வாயைக் கட்டிப் போட்டுட்டு எதுக்குன்னு கேக்கறான் பாரு" என்று பொருமினாள். எனக்குப் பாவமாக இருந்தது. பயமாகவும் இருந்தது, ஏனென்றால் எங்கள் ஆடுகளின் முதுகெலும்பை நானும் தடவிப் பார்த்திருந்தேன்.

சில நாள் கழித்து, குளிர்காலத் தொழுவத்தைச் சரிசெய்ய ஐந்து வீட்டாரும் கூடினோம். கூடாரத்துக்குள் தேநீர் குடிக்கும்போது அக்கா எழுந்து நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எனக்குக் கல்யாணம். குளிர்காலப் பண்டிகை முடிஞ்சதும் விருந்து."

லுவ்சான் நிமிர்ந்து பார்த்தார். "யாரோட?"

"உங்களோடதான். எனக்கு விருந்து போடாமலே கூட்டிட்டு வந்தீங்கல்ல, இப்பப் போடுங்க."

கூடாரமே சிரித்தது. தாம்தினுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அண்ணி, மாப்பிள்ளையைப் பத்தி நல்லா விசாரிச்சீங்களா?"

"முப்பது வருஷமா விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். பரவாயில்லாத ஆளுதான்." சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து சொன்னாள்: "மலைக்கு அந்தப் பக்கத்துல இருந்தெல்லாம் சனம் குதிரையேறி வரும். அந்த நேரத்துல தரையில ஒண்ணும் இருக்காது. வர்ற குதிரைக்கு நான் எதைப் போடுவேன்? எனக்குப் பட்டு வேணாம், கம்பளம் வேணாம். மொய்யைப் புல்லாக் கொடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. தாம்தின் ஒன்றும் முட்டாள் இல்லை. வாசல் வழியே தன் ஆடுகளை ஒரு பார்வை பார்த்தான்.

"விருந்தாளி குதிரை பட்டினி கிடந்தா நம்ம ஆத்தங்கரைக்கே அவமானம்" என்றார் லுவ்சான் மெதுவாக.

"குதிரை நிறைய வருமோ?" என்று கேட்டான் தாம்தின்.

"நிறைய வரும் தம்பி."

"அப்ப நிறைய வாங்கணும்."

புல் வந்தது. லாரியின் கயிறு தெறிக்கும் அளவுக்கு வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்தில் கிழவிக்குக் கல்யாண ஆசை என்று கேலி செய்தார்கள். தாம்தின் மட்டும் என்னிடம், "என் மோட்டார் சைக்கிளை உங்க அக்காவோட குதிரைங்க தின்னுடுச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான்.

பண்டிகைக்கு முன்பே அது வந்துவிட்டது. தரை இரும்பாகிப் போனது. குதிரையேறி யாரும் எங்கும் போக முடியவில்லை. விருந்து நாள் வந்து போனதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. காலையில் அக்கா புல்கட்டை அவிழ்த்து, "விருந்தாளிகளுக்குப் பரிமாறுங்க" என்பாள். நாங்கள் ஆடுகளுக்குப் பரிமாறினோம். கிழட்டு ஆடுகள் சில போயின. மற்றவை நின்றன. மலைக்கு அந்தப் பக்கம் செத்ததை அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் வசந்தத்தில் குட்டிகள் கத்தின. தாம்தின் இரண்டு குட்டிகளைத் தன் அங்கிக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து அக்காவிடம் காட்டினான். நான் வெட்கமில்லாமல் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

சொன்ன கல்யாணத்தை நடத்தாமல் விடுவாளா? கோடையில், புல் பச்சைப்பசேல் என்று நின்றபோது நடத்தினாள். நீலப் பட்டு அங்கி போட்டுக்கொண்டாள். லுவ்சான் வெட்கப்பட்டார், இவள் படவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாதார்ச் வந்திருந்தார். பெரிய மந்தைக்காரர், இப்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தது. அக்காவைக் கேலி செய்தவர்களில் அவரும் ஒருவர். புளித்த குதிரைப்பால் குடித்தார், மரியாதைக்கு மூக்குப்பொடிச் சிமிழ் மாற்றிக்கொண்டார், மழையைப் பற்றிப் பேசினார். எங்கள் ஆட்கள் வந்த விஷயத்தைப் புறப்படும்போதுதான் சொல்வார்கள். அவரும் வாசல்வரை போய் நின்றார்.

"நோர்ஜ்மா, வர்ற வருஷம் உங்க பக்கம் யாருக்குக் கல்யாணம்?"

"ஏன் கேக்கறீங்க?"

"மொய் செய்யணும். எங்க பக்கத்துச் சனம் மொத்தமும் செய்யணும்னு சொல்றாங்க. புல்லாவே. அதைத் தின்னப் போறது எங்க குதிரைங்களும்தானே."

அக்கா யோசிக்கவே இல்லை, என் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"இவளுக்குத்தான். அன்னிக்கு இவளுக்கு விருந்துன்னு போட்டதுக்குப் பத்துப் பேர்கூட வரல. இந்தத் தடவை எல்லாரும் வாங்க."

எனக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நிமிடமே சரி என்றிருப்பேன்.