சபைக்குப் புறம்பே

போன வாரம் பாப்பிரெட்டிப்பட்டியில் மகள் திராட்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தாள். வாயருகே கொண்டுபோனதும் எங்கள் பழைய ஓட்டுக்கூரைத் தேவாலயத்தின் வாசனை வந்துவிட்டது. இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு, சபை மூப்பர் வீட்டில் திராட்சையைக் காய்ச்சித்தான் ரசம் எடுப்பார்கள்.

"என்னப்பா, குடிக்காம மோந்துட்டே இருக்கீங்க?"

"ஒரு காலத்துல எனக்கு இது தர மாட்டாங்க. சபைநீக்கம்."

"அப்படின்னா?" என்று போனை எடுத்தாள். தேடவே வேண்டாம். நான் ஐந்தாவதுதான் படித்தேன். ஆனாலும் அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியும்.

அப்போது எனக்கு போர்வெல் லாரியில் வேலை. செல்விக்கு, அவள் வீட்டார் விருப்பப்படி, முருகன் கோயிலில் தாலி கட்டினேன். ஞாயிறு ஆராதனையில் எழுந்து, செய்தது தப்பு என்று ஒரு வரி சொன்னால் போதும் என்றார் மூப்பர். எழுந்தேன். எண்பது முகங்கள். உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரமும் இப்படியே. எனக்குக் கூச்சம், அவர்கள் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"ஏன்டா, பொண்ணு கேக்க மட்டும் வாய் இருந்துச்சா?" என்றார் மூப்பர்.

"அதுக்கும் அவதாங்க பேசினா."

நாலாவது வாரம் பதிவேட்டில் என் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார்கள்.

நீங்கள் நினைப்பதுபோல் இடியெல்லாம் விழவில்லை. கடைசிப் பாயில் உட்காரலாம், பாடலாம். திருவிருந்துத் தட்டு மட்டும் என் தலைக்கு மேலாக அடுத்த ஆளுக்குப் போகும். அவ்வளவுதான் பொருள்.

அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. மூச்சிரைப்பு வேறு. "நான் கண்ண மூடறதுக்குள்ள ஒருக்கா உன்கூட ரசம் வாங்கணும்டா. நம்ம மாட்டுகிட்ட கூச்சமில்லாம பேசற மாதிரி ஒரு வரி பேசிட்டு உக்காரு."

அவளுக்காக எழுந்தேன். செல்வி வயிற்றில் இந்த மகளோடு வாசலில் நின்றிருந்தாள்.

"தப்புன்னு எனக்குத் தோணலைங்க."

அந்தச் சபையில் நான் பேசிய ஒரே வரி அதுதான். மூப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து என் பாயில் உட்கார்ந்தாள். "பேசுன்னா பேசிட்டானே பாவி," என்றாள். தட்டு வந்தது. அவள் அதைத் தொடாமல் அடுத்தவருக்குக் கைகாட்டினாள். சாகும்வரை அதே பாய்தான்.

இப்போது அங்கே சிமெண்டுக் கட்டடம், பிளாஸ்டிக் நாற்காலிகள். யாரையும் நீக்குவதில்லை; மனஸ்தாபம் வந்தவர்களே தனியாக ஷெட் போட்டுச் சபை நடத்திக்கொள்கிறார்கள். பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. "உங்கள நீக்கினதுக்கு ஒரு ஆதாரமும் இல்லைங்கண்ணா, முன்னாடி வந்து உக்காருங்க," என்கிறார் புதுப் போதகர்.

அவர் சொல்வது சரிதான். அம்மா என் பாய்க்கு எழுந்து வந்ததற்கும் ஆதாரம் இல்லை.